ஃபயர்பாக்ஸ் உலாவி: பழகத் தொடங்குபவருக்கு

ஃபயர்பாக்ஸ், இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் ஓர் உலாவி. மொசில்லா அறக்கட்டளையின் கீழ் இயங்கும் மொசில்லா கார்ப்பரேஷன் இதைத் தயாரிக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், எடுத்து மாற்றிக்கொள்ளலாம். முதல் முழுப் பதிப்பு 2004 நவம்பர் 9 அன்று வெளிவந்தது.

உலாவி என்றதும் கண்ணாடிச் சன்னல் ஒன்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பக்கம் இருப்பதை இந்தப் பக்கம் காட்டும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. இணையத் தரங்களை எழுதியவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'யூசர் ஏஜென்ட்', அதாவது பயனரின் முகவர். அந்தப் பெயர்தான் பொருத்தம். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நம் சார்பில் போய்வரும் ஆளைப்போல, உலாவி நாம் சொன்ன இடத்துக்குப் போய், அங்கே நம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி, கேட்டதை வாங்கி வந்து, போய்வந்த கதையைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. அந்த ஆள் போன இடத்தில் என்ன சொன்னார், வந்தபின் என்ன குறித்துவைத்தார் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், மெனுவில் இருக்கும் வசதிகளில் பாதிக்குமேல் தாமே விளங்கிவிடும்.

பெயரும் பிறப்பும்

முதல் உலாவியை 1990இல் ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார். அதில் பக்கத்தைப் படிப்பதோடு அங்கேயே திருத்தி எழுதவும் முடிந்தது. பொதுமக்களிடம் உலாவியைக் கொண்டுசேர்த்தது 1993இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதிய மொசைக். ஆண்ட்ரீசன் அங்கிருந்து வெளியே வந்து நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். 1994இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டருக்கு நிறுவனத்துக்குள் இருந்த செல்லப்பெயர் மொசில்லா. மொசைக்கை வீழ்த்தப் புறப்பட்ட காட்ஜில்லா என்று பொருள்.

அடுத்த ஆண்டே மைக்ரோசாப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இறக்கியது. அதை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்ததால் கடை கடையாகத் தேட வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. தோல்வி உறுதியான நிலையில் நெட்ஸ்கேப் 1998 மார்ச் 31 அன்று தன் உலாவியின் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அந்தத் திட்டத்துக்குப் பழைய செல்லப்பெயரையே வைத்தார்கள். 2003 ஜூலையில் மொசில்லா தனி அறக்கட்டளை ஆனது.

மொசில்லா முதலில் கட்டியது பெரிய தொகுப்பு. உலாவி, மின்னஞ்சல், பக்கம் வடிவமைக்கும் கருவி என்று எல்லாம் ஒரே மூட்டையில் இருந்தன. டேவ் ஹையாட், பிளேக் ராஸ் முதலிய சிலர் மூட்டையைப் பிரித்து உலாவியை மட்டும் எடுத்து மெலிதாக்கி, 2002 செப்டம்பரில் 'ஃபீனிக்ஸ்' என்று வெளியிட்டார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் இருந்ததால் 2003இல் 'ஃபயர்பேர்டு' ஆனது. அந்தப் பெயரிலும் ஒரு தரவுத்தளத் திட்டம் இருந்தது, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2004 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் நிலைத்தது. இது இமயமலைப் பகுதியில் வாழும் செம்பாண்டாவின் இன்னொரு பெயர். சின்னத்தில் உலக உருண்டையைச் சுற்றிப் படுத்திருப்பது என்னவோ நரிதான்.

2004 டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. செலவைப் பகிர்ந்துகொண்ட ஆயிரக்கணக்கான பயனர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் அதில் அச்சாகியிருந்தன. 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்தபோது 24 மணி நேரத்தில் 80,02,530 முறை இறக்கப்பட்டது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. அது வளர வளர, 2010 வாக்கிலிருந்து ஃபயர்பாக்ஸின் பங்கு சுருங்கத் தொடங்கியது. ஓபெரா 2013இலும் மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020இலும் தங்கள் சொந்த எஞ்சினைக் கைவிட்டு, குரோம் நிற்கும் அதே அடித்தளத்துக்கு மாறிக்கொண்டன. பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின்களில் பரவலாகப் புழங்குபவை இன்று மூன்று: குரோமின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ.

மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருகிறது. ஃபயர்பாக்ஸைத் திறந்து தேடினால் முதலில் கூகுளுக்குப் போக வேண்டும் என்பதற்கான கட்டணம் அது. போட்டியாளரின் பணத்தில் போட்டி நடத்துவது விசித்திரம்தான். பயனர் அறிய வேண்டியது ஒன்று: எந்த உலாவியிலும் முதலில் அமைந்திருக்கும் தேடுபொறிக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கக்கூடும். அதை அமைப்புகளில் இரண்டு சொடுக்கில் மாற்றலாம்.

முகவரிப் பட்டை

மேலே நீளமாக இருக்கும் பெட்டிக்கு முகவரிப் பட்டை என்று பெயர். புதிதாகப் பழகுபவர் முதலில் கற்க வேண்டிய இடம் இதுதான். கன்ட்ரோல் விசையோடு 'எல்' எழுத்தைத் தட்டினால் கர்சர் அங்கே போய் நிற்கும். முழு முகவரியோ தேட வேண்டிய சொல்லோ எதை அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். 2008க்கு முன்பு முகவரியின் முதல் சில எழுத்துகள் தெரியாவிட்டால் இந்தப் பட்டையிலிருந்து போன பக்கத்துக்குத் திரும்ப வழியில்லை. மூன்றாம் பதிப்பில், பக்கத்தின் தலைப்பில் நடுவில் வரும் சொல்லை அடித்தாலே பழைய பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் வசதி வந்தது. போன வாரம் படித்த ரசப்பொடிக் குறிப்பு எந்தத் தளம் என்று மறந்துபோனவர், 'ரசப்' என்று அடித்தால் போதும்.

அதிகம் பேர் அறியாத மூன்று குறிகள் இங்கே உண்டு. * போட்டு ஓர் இடைவெளி விட்டுச் சொல்லை அடித்தால் புத்தகக்குறிகளில் மட்டும் தேடும். ^ போட்டால் போய்வந்த வரலாற்றில் மட்டும். % போட்டால் இப்போது திறந்திருக்கும் டேப்களில் மட்டும். நாற்பது டேப் திறந்துவைத்திருப்பவருக்கு மூன்றாவது குறி கைகொடுக்கும்.

அடிப்பதைப்போலவே அந்தப் பட்டையைப் படிக்கவும் தெரிய வேண்டும். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டதும் வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் உண்மையான முகவரி 'எங்கள்வங்கி.இன்'. பட்டையில் தெரிவது 'எங்கள்வங்கி.இன்.கணக்கு-சரிபார்ப்பு.காம்/உள்நுழை'. கண் இடமிருந்து வலமாகப் போய் 'எங்கள்வங்கி.இன்' என்ற இடத்திலேயே திருப்தி அடைந்து நின்றுவிடும். முகவரியோ வலமிருந்து படிக்க வேண்டியது. முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்து இடப்பக்கம் நகர்ந்தால், தளத்தின் சொந்தக்காரர் 'கணக்கு-சரிபார்ப்பு.காம்' என்பது தெரியும். அதற்கும் இடப்பக்கம் இருப்பதெல்லாம் அந்தச் சொந்தக்காரர் தன் விருப்பத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர்ப்பலகை. ஃபயர்பாக்ஸ் இந்தச் சொந்தக்காரர் பகுதியை மட்டும் அழுத்தமான நிறத்திலும் மற்றதை வெளிறிய நிறத்திலும் காட்டுகிறது. அந்த நிற வேறுபாட்டைப் பார்த்துப் பழகிவிட்டால் பல மோசடிகள் வாசலிலேயே நின்றுவிடும். இந்திய அரசுத் தளங்கள் போன்ற சிலவற்றில் இரண்டு துண்டுக்குப் பதில் மூன்று துண்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் முடிவு 'ஜிஓவி.இன்' போல இரட்டையாக இருக்கும்.

கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத ஏமாற்றும் உண்டு. தளப் பெயர்களை எந்த மொழியின் எழுத்திலும் வைக்கலாம். தமிழில்கூட '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் முகவரிகள் இருக்கின்றன. 2017இல் ஓர் ஆய்வாளர், ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகளை மட்டும் வைத்து, ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப்போலவே தோன்றும் ஒரு முகவரியைப் பதிவு செய்து காட்டினார். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அது அசலைப்போலவே தெரிந்தது. இத்தகைய இடத்தில் உதவுவது உலாவியின் கடவுச்சொல் பெட்டகம். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

முகவரிக்கு முன்னால் வரும் பூட்டுச் சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தளத்துக்கும் நமக்கும் இடையே போகும் பேச்சை நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அதன் பொருள். எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 2015 முதல் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது. இணையம் முழுக்கப் பூட்டு வந்தது அதனால்தான், மோசடித் தளங்களுக்கும் சேர்த்து. பூட்டைக் கண்டால் நம்பலாம் என்று மக்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றே கூகுள் 2023இல் குரோமிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது.

டேப்கள்

ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறந்துவைக்கும் வசதிக்கு டேப் என்று பெயர். ஃபயர்பாக்ஸின் தமிழ் இடைமுகம் இதைக் 'கீற்று' என்கிறது, குரோமின் தமிழ் 'தாவல்' என்கிறது. பேச்சில் எல்லோருக்கும் டேப்தான். தொடக்க காலத்தில் ஃபயர்பாக்ஸுக்கு ஆள் சேர்த்ததில் பெரிய பங்கு இதற்கு உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு டேப் வந்தது 2006இல், ஏழாம் பதிப்பில்.

கன்ட்ரோலோடு, டேப் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைத் தட்டினால் புதிய டேப் திறக்கும். 'டபிள்யூ' தட்டினால் இருக்கும் டேப் மூடும். தவறி மூடிவிட்டால் கலங்க வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு டேப் திறக்கும் அதே எழுத்தைத் தட்டினால், மூடிய டேப் போன இடத்திலேயே திரும்ப வந்து நிற்கும். இன்னொரு முறை தட்டினால் அதற்கு முன் மூடியது. நடு அமர்வில் மின்சாரம் போய்விட்டாலும் திறந்திருந்தவற்றை மீட்டுத் தரும் வசதி 2006இல் இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. மின்வெட்டுப் பட்ட ஊர்க்காரருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவத்தை இது முழுதாக மீட்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சர்வர் நம்மை வெளியேற்றிவிட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

டேப்களைக் கூட்டமாகக் கட்டிவைக்கும் வசதியை நான்காம் பதிப்பில் கொடுத்தார்கள். பயன்படுத்துவோர் குறைவு என்று 2016இல் எடுத்தார்கள். 2025இல் வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் டேப்களைப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அடுக்கும் ஏற்பாடும் வந்தது. அகலமான திரையில் தலைப்புகளை முழுதாகப் படிக்க அது தோது.

உலாவி நினைவில் வைப்பவை

வரலாறும் புத்தகக்குறியும் ஒரே தரவுத்தளக் கோப்பில்தான் கிடக்கின்றன. வரலாறு, போன இடமெல்லாம் தானாக எழுதப்படும் நாட்குறிப்பு. புத்தகக்குறி, நாமே மடித்துவைக்கும் பக்கம். முகவரிப் பட்டையின் வலக்கோடியில் இருக்கும் நட்சத்திரத்தைத் தொட்டால் பக்கம் புத்தகக்குறியில் சேரும். பலரும் நூற்றுக்கணக்கில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சேர்க்கும்போது பெயரைத் தமிழில் தெளிவாக மாற்றி எழுதினால், பின்னர் முகவரிப் பட்டையிலேயே அகப்படும். வரலாற்றை அழிக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் பெட்டி திறக்கும். கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் அழிக்கலாம், இன்று முழுவதையும் அழிக்கலாம், எல்லாவற்றையுமே அழிக்கலாம்.

கேஷ் என்பது இன்னொரு வகை நினைவு. ஒருமுறை இறக்கிய படங்களையும் எழுத்துருக்களையும் உலாவி வட்டில் எடுத்துவைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்தே காட்டும். இதனால் பக்கம் சட்டென்று திறக்கும், டேட்டாவும் மிச்சம். தொல்லையும் உண்டு: தளத்தில் புதியது வந்திருக்க, நம் திரையில் பழையதே நிற்கலாம். அப்போது கன்ட்ரோல், ஷிஃப்டோடு 'ஆர்' எழுத்தைத் தட்டினால், எடுத்துவைத்ததை ஒதுக்கிவிட்டுப் பக்கம் முழுதையும் புதிதாக வாங்கி வரும்.

குக்கி கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. இணையத்தின் அடிப்படை விதிப்படி சர்வருக்கு நினைவே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒரே ஆள் என்று அதற்குத் தெரியாது. கடைக்குள் ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் கடைக்காரர் 'நீங்கள் யார்?' என்று கேட்டால் சாமான் வாங்குவது எப்படி? 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொன்டுல்லி இதற்குக் கண்ட வழிதான் குக்கி. சர்வர் ஒரு சிறிய துண்டுச்சீட்டைக் கொடுக்கும், உலாவி அதைப் பத்திரப்படுத்தி அடுத்த முறை போகும்போது காட்டும். செருப்பு விடும் இடத்தில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. மின்னஞ்சலில் ஒருமுறை நுழைந்தபின் ஒவ்வொரு கடிதத்துக்கும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பது இந்த டோக்கனால்தான்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், நாம் படிக்கும் ஒரு பக்கத்துக்குள் வேறொரு விளம்பர நிறுவனத்தின் படமும் நிரலும் இருக்கலாம். அந்த நிறுவனமும் டோக்கன் கொடுக்கும். காலையில் செய்தித் தளம், மதியம் செருப்புக் கடை, இரவில் மருத்துவக் குறிப்பு என்று நாம் போன எல்லா இடத்திலும் அதே நிறுவனம் உட்கார்ந்திருந்தால், அதே டோக்கனைப் பார்த்து நம் நாள் முழுவதையும் கோத்துவிடும். செருப்பைத் தேடியவரை ஒரு வாரம் செருப்பு விளம்பரம் துரத்துவது இதனால்தான். 2019 செப்டம்பரிலிருந்து ஃபயர்பாக்ஸ், பின்தொடர்வதற்கென்றே அறியப்பட்ட நிறுவனங்களின் குக்கிகளை நாம் கேட்காமலே தடுக்கிறது. 2022 ஜூனில் இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி ஜாடி வைத்தது. செய்தித் தளத்தில் வாங்கிய டோக்கன் அந்த ஜாடியிலேயே கிடக்கும், செருப்புக் கடையில் எடுத்துக் காட்ட முடியாது. பிற தளக் குக்கிகளை ஒழிக்கப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனத்தின் தயக்கம் இந்த ஓர் இடத்தில் பளிச்சென்று தெரியும்.

இனி கடவுச்சொல் பெட்டகம். ஒரு தளத்தில் நுழையும்போது 'சேமிக்கவா?' என்று ஃபயர்பாக்ஸ் கேட்கும். வீட்டில் ஒருவர் மட்டும் புழங்கும் கணினி என்றால் தாராளமாகச் சேமிக்கலாம். பலரும் வந்துபோகும் கணினி என்றால் கூடாது. பிரவுசிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவசரத்தில் 'சரி' என்று தட்டிவிட்டு எழுந்து போனவர்களின் அஞ்சல் பெட்டி அடுத்து உட்கார்ந்தவருக்குத் திறந்து கிடந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. வீட்டிலும் பெட்டகத்துக்கு முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிடுவது நல்லது.

பெட்டகத்தின் பெரிய நன்மை பலருக்குத் தெரிவதில்லை. அது முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கடவுச்சொல்லை நிரப்பும். நம் கண் ஏமாறும் சிரிலிக் எழுத்து வேலையில் அது ஏமாறாது. வழக்கமாகத் தானே நிரம்பும் பெட்டி ஒரு நாள் காலியாக நின்றால், கையால் அடிக்கத் தொடங்குமுன் முகவரியை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

ஃபயர்பாக்ஸில் ஒரு கணக்குத் தொடங்கினால் புத்தகக்குறி, வரலாறு, கடவுச்சொல் எல்லாம் கைபேசிக்கும் கணினிக்கும் இடையே ஒத்திசையும். அனுப்பும் முன் நம் கணினியிலேயே பூட்டித்தான் அனுப்புகிறது. திறவுகோல் நம் கணக்கின் கடவுச்சொல்லிலிருந்து உண்டாவதால் மொசில்லாவே நினைத்தாலும் திறந்து பார்க்க முடியாது. அதன் மறுபக்கம்: கடவுச்சொல்லை மறந்து புதிதாக மாற்றினால் சர்வரில் இருந்த பழைய தரவு போய்விடக்கூடும்.

கமுக்கச் சாளரம்

கன்ட்ரோல், ஷிஃப்டோடு 'பி' தட்டினால் ஊதா நிறச் சின்னத்தோடு ஒரு சாளரம் திறக்கும். தமிழ் ஃபயர்பாக்ஸ் இதைக் கமுக்க உலாவல் என்கிறது. 2005இல் ஆப்பிளின் சஃபாரியில் முதலில் வந்து, 2009இல் ஃபயர்பாக்ஸ் 3.5இல் சேர்ந்தது. இந்தச் சாளரத்தில் போய்வந்த வரலாறு எழுதப்படாது, குக்கிகள் மூடியதும் அழியும். திறந்த கமுக்கச் சாளரங்கள் அனைத்தையும் மூடினால்தான் அழியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மூடிவிட்டு இன்னொன்றை விட்டால் டோக்கன் கையிலேயே இருக்கும்.

இது மறைப்பது அதே கணினியில் அடுத்து உட்காருபவரிடமிருந்து மட்டும். இணைய இணைப்புத் தரும் நிறுவனமும், அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவரும், நாம் போன தளமும் எப்போதும்போல நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். இறக்கிய கோப்புகளும் வட்டிலேயே தங்கும். இதே வசதிக்குக் குரோமில் பெயர் மறைநிலை. அது எல்லோரிடமிருந்தும் மறைக்கும் என்ற தவறான எண்ணத்தில் இருந்த பயனர்கள் அமெரிக்காவில் 2020இல் வழக்குப் போட்டார்கள். திரட்டிய தரவை அழிப்பதாக 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. இந்தச் சாளரத்தின் உண்மையான பயன் சாதாரணமானது: ஒருவருடைய கணினியில் இன்னொருவர் ஐந்து நிமிடம் தன் அஞ்சலைப் பார்த்துக்கொள்வது, வீட்டாருக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு தேடுவது.

அனுமதியும் நீட்சியும்

திரையின் மூலையில் ஓயாமல் சூதாட்ட விளம்பரமும் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்ற மிரட்டலும் எட்டிப்பார்க்கிறது என்று புலம்புபவர் பலருக்கும் உண்மையில் வைரஸ் ஏதும் இருக்காது. எப்போதோ ஒரு தளம் 'அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கும், பெட்டியை மறையச் செய்யும் அவசரத்தில் 'அனுமதி' என்று தொட்டிருப்பார். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், அனுமதிகளின் கீழ் அறிவிப்புகள் என்ற வரியைத் திறந்தால், அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். பெயரே கேள்விப்படாத தளத்தை நீக்கியதும் எட்டிப்பார்ப்பது நின்றுவிடும். இந்தக் கேள்விகளின் தொல்லை தாங்காமல், 2020 ஜனவரியிலிருந்து ஃபயர்பாக்ஸ் அவற்றைப் பெட்டியாகக் காட்டாமல் முகவரிப் பட்டையில் சின்னமாக ஒதுக்கிவைக்கிறது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றுக்கான பட்டியல்களும் இதே அனுமதிகள் பகுதியில்தான் இருக்கின்றன.

நீட்சி என்பது உலாவியில் கூடுதலாகப் பொருத்தும் சிறு நிரல். விளம்பரம் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' இவற்றில் பெயர்பெற்றது. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதில் அது அங்கே முழு வலுவோடு இயங்க வழியில்லாமல் போய்விட்டது. ஃபயர்பாக்ஸில் தொடர்கிறது. நீட்சி பொருத்தும்போது 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவை அணுகும்' என்ற வரி வந்தால், நம் வங்கிப் பக்கத்தையும் அது படிக்க முடியும் என்று பொருள். ஆகவே நாலைந்துக்கு மேல் வைத்திருக்கக் காரணம் வேண்டும்.

2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது பழைய முறையில் எழுதிய நீட்சிகள் அத்தனையும் ஒரே நாளில் செல்லாமல் போயின. வேகம் கூடியது, பழைய பயனர்கள் பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். 2019 மே மாதத் தொடக்கத்தில் வேறு கூத்து. நீட்சிகளைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்க மொசில்லா தவறியதால், உலகெங்கும் ஃபயர்பாக்ஸ் நீட்சிகள் அணைந்துபோயின. திருத்தம் வந்து சேரும்வரை விளம்பரம் தடுக்கப் பழகியவர்கள் விளம்பரத்தோடு இணையத்தைப் பார்த்தார்கள்.

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் நீட்சிகளைப் பொருத்தலாம், முகவரிப் பட்டையைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் கதை வேறு. அங்கே எல்லா உலாவிகளும் ஆப்பிளின் எஞ்சினிலேயே ஓட வேண்டும் என்பது நெடுங்காலமாக விதி. பெயரும் சின்னமும் ஃபயர்பாக்ஸ், உள்ளே வெப்கிட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் ஆப்பிள் இந்த விதியைத் தளர்த்தியது.

படிப்பதற்கான வசதிகள்

கட்டுரைப் பக்கங்களில் முகவரிப் பட்டையின் வலப்புறம் தாள் போன்ற சின்னம் தோன்றும். அதைத் தொட்டால் விளம்பரம், பக்கப் பெட்டிகள் எல்லாம் போய் எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும். 2015இல் வந்த இந்த வாசிப்பு முறைதான் ஃபயர்பாக்ஸின் வசதிகளில் மிகக் குறைவாகப் பாராட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும். கன்ட்ரோலோடு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும், அந்தத் தளத்துக்கான அளவை நினைவிலும் வைத்துக்கொள்ளும். பூஜ்யத்தைத் தட்டினால் பழைய அளவு. பிடிஎஃப் கோப்பைத் தனி மென்பொருள் இல்லாமல் திறப்பது 2013இலும், அதன்மேல் எழுதுவது 2022இலும் வந்தன.

தமிழ் எழுத்தும் ஃபயர்பாக்ஸும்

யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவுமுன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. அந்தந்த எழுத்துருவை இறக்கிப் பொருத்தாவிட்டால் திரையில் கிறுக்கல்தான். பழைய பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்ட 'பத்மா' என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியும், உலாவிக்குள்ளேயே தமிழில் தட்டச்சு செய்யத் 'தமிழ்விசை' என்ற நீட்சியும் அக்காலத்தில் புழங்கின. யூனிகோடு வந்தபின்னும் ஒரு குறை தொடர்ந்தது. பத்தியின் இரு ஓரமும் சமமாக நிற்கும்படி அமைத்த பக்கங்களில், ஃபயர்பாக்ஸ் 2 தமிழ் எழுத்தை உடைத்துக் காட்டியது. கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில், புள்ளி ஓரிடத்தில். வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் 'பத்தியை இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். 2008இல் மூன்றாம் பதிப்பு எழுத்தை அடுக்கும் பகுதியைப் புதிதாக எழுதியபோது அது தீர்ந்தது.

இன்று இடைமுகத்தையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். அதை மொழிபெயர்த்துவருபவர்கள் தன்னார்வலர்கள். எழுத்துரு பிடிக்காவிட்டால் அமைப்புகளில் எழுத்துரு என்ற பகுதியில் மேம்பட்ட தெரிவைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தால், தமிழுக்கென்று தனி எழுத்துருவும் குறைந்தபட்ச அளவும் குறிக்கலாம். ஆங்கிலத்தின் அளவில் அமைந்த பொடித் தமிழைப் படித்துக் கண் வலிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இது.

பக்கத்துக்குள் சொல் தேட கன்ட்ரோலோடு 'எஃப்'. தமிழில் இதற்கு ஒரு பக்குவம் வேண்டும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தை', 'மரத்தில்' எதுவும் அகப்படாது, ஏனென்றால் வேற்றுமை ஏறியதும் கடைசி எழுத்து மாறிவிடுகிறது. 'மரத்' என்று இன்னொரு முறை தேட வேண்டும். 'ஔவையார்' என்று சரியாக அடித்துத் தேடியும் கண்ணெதிரே இருக்கும் ஔவையாரைக் காணவில்லை என்று உலாவி சொல்லும். பக்கத்தை எழுதியவர் 'ஔ' என்ற ஓர் எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டியிருப்பார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு. அங்கே 'வையார்' என்று மட்டும் அடித்தால் இரண்டு வகையும் கிடைத்துவிடும்.